காத்திவாக்கத்தில் பனி பெய்வதில்லை

காத்திவாக்கத்தில் பனி பெய்வதில்லை. மார்கழி விடியலில் முகத்துவாரத்துப் பக்கம் லேசாக மூடுபனி நிற்கும். சைக்கிளில் போகிறவர்கள் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதான். வானத்திலிருந்து வெள்ளையாக ஏதாவது இறங்கியது என்றால் அது சாம்பல். 1970-ல் ஓடத் தொடங்கி 2017 மார்ச்சில் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையம் இருந்தவரை, கொடியில் துணி போடுமுன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பது இந்த வடசென்னை ஊரில் ஒரு தனிக் கலை. ஆகவே, ‘பனி கொட்டும் இரவு. மலையுச்சியில் தனி வீடு. கதவு தட்டப்படுகிறது. தொடர்ந்து எழுதவும்’ என்று ஒரு குறிப்பு கைப்பேசியில் வந்து இறங்கியபோது, காத்திவாக்கத்து எழுத்தாளர் முதல் வரியிலேயே முழித்ததில் வியப்பில்லை.

எழுத்தாளர் என்பது இங்கே ஒரு மரியாதைக்குச் சொல்வது. தொழிற்சாலை ஒன்றில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஆண்களைப் பிடிக்கிற நோய்களில் சர்க்கரையும் சிறுகதையும் முக்கியமானவை. முதலாவதற்கு அரசு மருத்துவமனையில் மாத்திரை தருகிறார்கள். அவருடைய அக்கா மகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். மாமா நோட்டும் பேனாவுமாகத் திண்ணையில் உட்கார்ந்து, தேதியை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போவதைப் பார்த்து மனம் இளகியவள், எங்கிருந்தோ திரட்டித் தமிழாக்கி அனுப்பியதுதான் அந்தப் பட்டியல்: கற்பனைப் பாத்திரங்களை வைத்துச் சிறுகதை எழுத நூறு குறிப்புகள்.

நூறில் முதல் குறிப்பையே விடக்கூடாது என்று அவர் அதை உள்ளூருக்குக் கொண்டுவரப் பார்த்தார். மலையுச்சி இங்கே கிடையாது. உயரமானது மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, அதில் யாரும் குடியிருப்பதில்லை. தனி வீடும் கிடையாது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் நாலு வீட்டில் ‘யாரு?’ என்பார்கள். தட்டுகிறவர் யாராக இருக்க முடியும் என்றும் யோசித்தார். பகலில் என்றால் கேஸ் சிலிண்டர். மாதம் பிறந்த முதல் வாரம் என்றால் சீட்டுக்காரம்மா. ராத்திரி பதினொன்றரை என்றால் செகண்ட் ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வீடு மாறி வந்த பக்கத்து வீட்டுக்காரர். மூன்றிலும் மர்மம் இல்லை. சீட்டுக்காரம்மா மாத முதல் வாரத்தில் கதவைத் தட்டாமல் போனால்தான் மர்மம். சொல்லப்போனால் அதுதான் திகில் கதை.

அடுத்த குறிப்பு: ‘முன்பின் அறிமுகமில்லாத இருவர் ஒரு ரயில் பெட்டியில் தனியாக இருக்கிறார்கள்.’ காத்திவாக்கம் ரயில் நிலையம் விம்கோ நகருக்கும் எண்ணூருக்கும் நடுவில், கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் இருக்கிறது. காலை எட்டு மணி வண்டியில் ஒருவர் தனியாக இருப்பது பௌதிக விதிகளுக்கே எதிரானது. கூடை ஒரு பக்கம் இடிக்கும், டிபன் பை இன்னொரு பக்கம் இடிக்கும், எதிரில் தொங்கிக்கொண்டிருப்பவர் யார் வீட்டு மாப்பிள்ளை என்பது வண்டி தண்டையார்பேட்டை போவதற்குள் தெரிந்துவிடும். அறிமுகமின்மையும் இல்லை, தனிமையும் இல்லை. ரயில் ஒன்றுதான் மிச்சம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு பாத்திர விவரப் படிவம் இருந்தது. பெயர், வயது, கண்ணின் நிறம், முடியின் நிறம், பிடித்த பருவகாலம், குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் மூன்று பொருள்கள். இந்த மாதிரிக் கேள்வித்தாள் பழைய சரக்கு. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் பதின்ம வயதில் ஒரு தோழியின் ஆல்பத்தில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு எழுதிக்கொடுத்த பதில்கள் பின்னால் புகழ்பெற்று, கேள்வித்தாளுக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. காத்திவாக்கத்தில் அதைப் பூர்த்தி செய்தபோது இப்படி வந்தது. கண்: கறுப்பு. முடி: கறுப்பு, ஞாயிற்றுக்கிழமை டை அடித்த பிறகு அதிகக் கறுப்பு. பிடித்த பருவகாலம்: தண்ணீர் லாரி ஒழுங்காக வரும் காலம். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று பொருள்கள்: மாவு, மாவு, நேற்றைய மீன்குழம்பு. ஊரில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே ஆளாகிவிட்டார்கள்.

ஆனால் படிவம் கேட்காத கேள்விகள் சிலவற்றை இந்த ஊர் கேட்கும். எந்த ஷிப்ட்? நிரந்தரமா, கான்ட்ராக்டா? யாருக்குக் கடன்? அரிசி கார்டா, சர்க்கரை கார்டா? இந்தக் கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் எந்தப் பொருளும் வேண்டாம் என்று சொல்லி, வெறும் அடையாளத்துக்காக மட்டும் ரேஷன் கார்டு வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். வசதி போன பிறகும் அந்தக் கார்டை மாற்றிக்கொள்ள மனம் வராத ஒருவரை நினைத்துப் பாருங்கள். ரேஷன் கடை வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் நிற்கும்போது, அவர் மட்டும் கையை வீசிக்கொண்டு அந்தப் பக்கமாக நடந்து போகிறார். அவருடைய கண் என்ன நிறமாக இருந்தால் என்ன?

குறிப்பு கொடுத்துக் கதை எழுதச் சொல்வது நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்த எவரும் பரீட்சைத் தாளில் அதைச் சந்தித்திருப்பார். கிழவி, கோடு, வடை, கோடு, காகம், கோடு, நரி, கோடு, பாட்டு, கோடு, ஏமாற்றம். கோடுகளை எடுத்துவிட்டு வினைச்சொற்களைப் போட வேண்டும். தலைப்பு வைத்து அடிக்கோடிட வேண்டும். கடைசியில் நீதி எழுத வேண்டும். அந்த ஒரு வரி நீதிக்குத் தனி மதிப்பெண் உண்டு என்ற நம்பிக்கையில், கதையை முடிக்க நேரமில்லாதவர்கள்கூட நீதியை மட்டும் எழுதிவிட்டு மணி அடிக்குமுன் தாளைக் கொடுத்தார்கள். இன்றும் பல சிறுகதைகள் நடுவில் எதையோ விட்டுவிட்டு, ஒரு நீதியைப் பிடித்துக்கொண்டு அவசரமாக முடிவதற்குக் காரணம் அந்த மணிச் சத்தம்தான் என்பது இந்தக் கட்டுரையின் தாழ்மையான சந்தேகம்.

அதற்கும் முன்னால் போனால் யமகண்டம். திருமலைராயன் அவையில் அதிமதுர கவியோடு மோதிய காளமேகப் புலவர் அதில் உட்கார்ந்து பாடியதாகத் தனிப்பாடல் மரபு சொல்கிறது. கீழே நெருப்புக் குழி. மேலே சங்கிலியில் தொங்கும் இருக்கை. கழுத்திலும் இடுப்பிலும் கத்திகள். சுற்றி நிற்பவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லி, அதை வைத்து உடனே பாடு என்பார்கள். ஈ உட்கார்ந்து மலை குலுங்கியதாகப் பாட வேண்டும் என்பதுபோல நடக்காத விஷயங்களாகக் கேட்பார்கள். தயங்கினாலோ தப்பினாலோ கத்தி இழுக்கப்படும். கதைப் போட்டிகளில் கடைசித் தேதியை நீட்டித்துத் தரும் இன்றைய ஆசிரியர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் ஒன்று: யமகண்டத்தில் உட்கார்ந்தவர் யாரும், ‘மூடு வரவில்லை’ என்று எழுந்து போனதாகப் பதிவில்லை.

மேல்நாட்டில் இதை மென்மையாகச் செய்தார்கள். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததில், அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு மாளிகையில் மழைக்கு ஒதுங்கிய கூட்டத்திடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாமே என்றார் கவிஞர் பைரன். சொன்னவர் சில பக்கங்களோடு நிறுத்திக்கொண்டார். அங்கே இருந்த இன்னொரு பெருங்கவிஞர் ஷெல்லியும் முடிக்கவில்லை. பதினெட்டு வயதுப் பெண் மேரி எழுதியது ‘பிராங்கன்ஸ்டைன்’ என்று 1818-ல் வெளிவந்தது. பைரனுக்கு மருத்துவம் பார்க்க வந்த பாலிடோரி எழுதிய ரத்தக்காட்டேரிக் கதை 1819-ல் வந்தது. குறிப்பு கொடுப்பவர் எழுத மாட்டார், மருந்து கொடுப்பவர் எழுதிவிடுவார்.

அமெரிக்கர்கள் இதைத் தொழிற்சாலையாகவே ஆக்கினார்கள். வில்லியம் வாலஸ் குக் என்பவர் 1928-ல் வெளியிட்ட ‘பிளாட்டோ’ என்ற புத்தகத்தில் 1,462 கதை முடிச்சுகள் எண் போட்டு அடுக்கப்பட்டிருந்தன. இந்த எண்ணிலிருந்து அந்த எண்ணுக்குப் போ என்று உதிரிபாகப் பட்டியல்போல வழியும் காட்டப்பட்டிருந்தது. பெரி மேசன் கதைகளை எழுதிக் குவித்த எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் இதைப் பயன்படுத்தியவர்களில் ஒருவர். லாரி கட்டுகிற ஊரில் இருக்கும் நம் எழுத்தாளருக்கு இந்தச் செய்தி பிடித்துப் போனது. ஒரு லைனில் சேசிஸ், ஒரு லைனில் எஞ்சின், ஒரு லைனில் காதல். ஆனால் அவர் அனுபவத்தில் லைனிலிருந்து இறங்கும் வண்டிகள் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதுதான் லைனின் பெருமை.

நூறு குறிப்புகளையும் 1,462 முடிச்சுகளையும் ஓரமாக வைத்துவிட்டு, காத்திவாக்கத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனால் திருவொற்றியூர் வருகிறது. அங்கே ஒரு மகிழ மரம். அதன் கீழே நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் கதைக்கு ஈடான முடிச்சு எந்தப் பட்டியலிலும் கிடைக்காது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழர் அமைச்சராக இருந்த சேக்கிழார் எழுதியது. அரசாங்க வேலையில் இருந்துகொண்டு இவ்வளவு நன்றாக எழுத முடியும் என்பதற்கும் அதுவே சாட்சி.

சுந்தரருக்குத் திருவாரூரில் பரவை நாச்சியார் என்று மனைவி இருக்கிறார். திருவொற்றியூருக்கு வந்த இடத்தில் பூத்தொடுக்கும் சங்கிலியாரைப் பார்க்கிறார். கட்டினால் இவரைத்தான் என்று நேரே சிவபெருமானிடமே போய் நிற்கிறார். தோழராயிற்றே, சிவன் சங்கிலியாரின் கனவில் போய்ப் பேசுகிறார். சங்கிலியார் விவரமானவர். ‘அவருக்குத்தான் ஆரூரில் வீடு இருக்கிறதே’ என்ற பொருளில் ஒரே கேள்வி. ‘உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து தருவான்’ என்கிறார் சிவன். இப்போது சுந்தரருக்குச் சிக்கல். சத்தியம் செய்தால் ஆரூருக்குப் போக முடியாது; செய்யாவிட்டால் சங்கிலி இல்லை. அவர் ஒரு வழி கண்டுபிடிக்கிறார். ‘நான் அவளோடு சன்னிதிக்குச் சத்தியம் செய்ய வரும்போது, நீங்கள் கொஞ்சம் வெளியே போய் அந்த மகிழ மரத்தடியில் இருந்துகொள்ளுங்கள்.’ காலியான சன்னிதியில் செய்த சத்தியம் கணக்கில் வராதல்லவா?

சரி என்கிறார் சிவன். சரி என்று சொல்லிவிட்டு, மறுபடி சங்கிலியாரின் கனவில் போகிறார். ‘சன்னிதியில் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் செய்யச் சொல்.’

மறுநாள் காலையில், கோயிலுக்குள் நுழைந்த சுந்தரரிடம் சங்கிலியாரின் தோழிகள், சாமி முன்னால் எதற்கு, மரத்தடியே போதும் என்று சொன்ன அந்தக் கணத்தில் அவர் முகம் எப்படி மாறியிருக்கும்! தமிழில் திருப்புமுனை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்ட வேண்டும். மரத்தடியிலேயே சத்தியம் செய்கிறார். கல்யாணம் நடக்கிறது. வசந்தம் வருகிறது, ஆரூர் நினைவும் வருகிறது. ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போகிறது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைக்கிறது, காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் இன்னொரு கண். அத்தனை பாடுபட்டு வீட்டுக்குப் போனால், பரவையார் கதவைத் திறக்கவில்லை! அதற்கும் சிவனே தூது போக வேண்டியிருக்கிறது. அதுவும் இரண்டு தடவை. இன்றைக்கும் மாசித் திருவிழாவில் திருவொற்றியூரில் மகிழடி சேவை நடக்கிறது. ஊன்றுகோல் கொடுத்த திருவெண்பாக்கத்துப் பழைய கோயில் இருந்த இடம், கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது. கோயிலை வேறிடத்தில் எழுப்பினார்கள். அந்தக் கொசஸ்தலையாறுதான் கடைசியில் காத்திவாக்கத்துப் பக்கம் வந்து கடலில் சேர்கிறது. கதை நம் ஊருக்குத் தண்ணீர் வழியாகவும் வந்திருக்கிறது என்று எழுத்தாளர் டீக்கடையில் சொல்லிப் பார்த்தார். ‘தண்ணியே வரல, கதை வந்துச்சா?’ என்றார்கள்.

அதே திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி. அவர் கதையில் இருப்பது பொருளை வைத்துக் கதை செய்யும் வித்தை. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர். கடல் வாணிபம் போய்த் திரும்பிய வளர்ப்பு மகன் ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போகிறான். பொன்னோ மணியோ என்று திறந்தால், உள்ளே ஓர் ஓலையும் காதறுந்த ஊசியும். இன்னொருவர் என்றால் ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டு மகன் மேல் புகார் கொடுத்திருப்பார். இவர் கடையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கோவணத்தோடு கிளம்பினார்.

இவற்றைப் பார்த்தால் நூறு குறிப்புகளில் எங்கே கோளாறு என்று தெரிகிறது. அவை நிகழ்ச்சியைக் கொடுக்கின்றன: பனி, தட்டல், ரயில், பிணம், புதையல். சேக்கிழார் ஆளைக் கொடுக்கிறார். ஆளுக்கு ஒரு பிடிவாதத்தையும் கொடுக்கிறார். சுந்தரர் ஆரூரையும் விடமாட்டார், சங்கிலியையும் விடமாட்டார். சங்கிலி சத்தியத்தை விடமாட்டார். பரவை கோபத்தை விடமாட்டார். இந்த மூவரையும் ஓர் அறையில் விட்டுவிட்டால் போதும், எரிமலையெல்லாம் வெடிக்க வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டிலும் இப்படித்தான். அந்நியர் ஒருவர் வழி கேட்கிறார் என்பது உலகத்திலேயே சலித்துப்போன குறிப்பு. புதுமைப்பித்தன் அதை எடுத்து பிராட்வே, எஸ்பிளனேடு முனையில் வைத்தார். 1943-ல் வந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் வழி கேட்பவர் கடவுள். கடவுள் வந்தது அதில் பெரிதல்ல. கந்தசாமிப் பிள்ளையிடம் வந்தார் என்பதுதான் பெரிது. டிராமுக்குக் காசு செலவழிப்பதா, நடந்து போய் மிச்சம் பிடிப்பதா என்று முனையில் நின்று கணக்குப் போடுகிற மனிதர் அவர். சித்த வைத்தியப் பத்திரிகை நடத்துகிறார். எதிரில் நிற்பது கடவுள் என்று தெரிந்த பிறகும் அவருக்கு முக்கியமாகப் படுவது சந்தா. முக்தி கேட்காமல் சந்தா கேட்கிற ஆளைப் பிடித்தது புதுமைப்பித்தன் கெட்டிக்காரத்தனம். பத்திரிகை நடத்திப் பார்த்த யாருக்கும் கந்தசாமிப் பிள்ளை செய்தது தப்பென்று தோன்றாது.

ஜெமினி ஸ்டூடியோவில் பல வருடம் வேலை பார்த்த அசோகமித்திரனுக்கு, வேலை கேட்டு வாசலில் நிற்கிறவர்கள் தினசரிக் காட்சி. ‘புலிக்கலைஞன்’ கதையில் அப்படி ஒருவர் வருகிறார். பெயர் டகர் பாயிட் காதர். நீச்சல் தெரியுமா என்று கேட்டுப் பார்த்தால் அதுவும் சரியாக அமையவில்லை. அவருக்கு வருவது புலி. காட்டு என்றவுடன் அந்த ஆபீஸ் அறையிலேயே புலியாகி மேசை நாற்காலி மேல் பாய்கிறார். இருந்தவர்கள் மிரண்டுபோகிறார்கள். இதை ‘வேலை தேடும் ஏழைக் கலைஞனைப் பற்றி எழுதவும்’ என்று குறிப்பாகக் கொடுத்திருந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அழுகைக் கதைதான் எழுதியிருப்பார்கள், புலி வந்திருக்காது.

ஒரே கதையைத் தனக்கே குறிப்பாகக் கொடுத்துக்கொண்டவர் ஜெயகாந்தன். 1966-ல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழையில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறி ஏமாந்து வீடு திரும்பும் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அந்த அம்மா விஷயத்தை வீட்டோடு முடித்துவிடுகிறாள். தமிழ்நாடே சண்டை போட்டது. பிறகு ஜெயகாந்தன், அந்த அம்மா அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டுத் தெருவையே கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று எடுத்துக்கொண்டார். அதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972-ன் சாகித்திய அகாதெமி விருது அதற்குத்தான். போதாததற்கு அந்த நாவலுக்குள்ளேயே பழைய சிறுகதையைக் கதாநாயகி ஒரு பத்திரிகையில் படிக்கிறாள். ஓர் அம்மா வாயைத் திறந்தாளா மூடினாளா என்பதில் ஒரு சிறுகதையும் ஒரு நாவலும்!

சிரிப்புக் கதைகளுக்கும் இதே விதி. தேவனின் துப்பறியும் சாம்பு புத்தியால் எதையும் கண்டுபிடிப்பதில்லை. எல்லாம் தற்செயலாகவே நடக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பட்டம் அவருக்கே. குமுதத்தில் இருந்த ஜ.ரா.சுந்தரேசன், அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து பாக்கியம் ராமசாமி ஆகி எழுதிய அப்புசாமி, சீதாப்பாட்டியின் சில்லறைக்காக என்ன வேண்டுமானாலும் செய்வார். அதே குமுதத்து ரா.கி.ரங்கராஜன் அஞ்சல் வழியாகவே கதை எழுதப் பாடம் நடத்தினார். ‘எப்படிக் கதை எழுதுவது?’ என்று அது புத்தகமாகவும் வந்தது. தபால் தலை ஒட்டிக் கற்றுக்கொண்ட கலை என்பதால் அந்தக் காலத்து மாணவர்கள் அதைப் பாதியில் விட்டிருக்க மாட்டார்கள் என்று நம்பலாம்.

எழுத்தாளர் இத்தனையும் யோசித்த பிறகு நூறில் ஒன்றையாவது காப்பாற்றப் பார்த்தார். ‘ஊருக்குள் ஒரு புதியவர் வருகிறார். யாருக்கும் அவரைத் தெரியாது. சில மாதங்களில் ஊரே மாறிவிடுகிறது.’ இதற்குக் காத்திவாக்கத்தில் அச்சு அசலாக ஓர் ஆள் உண்டு. பெயர் காக்கா ஆழி. தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி. கப்பலோடு ஒட்டிக்கொண்டோ கப்பலின் நிலைப்படுத்தும் நீரிலோ வந்திருக்கலாம் என்கிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் அடர்ந்து பரவி, சேற்றுத் தரையை ஜமக்காளம் விரித்த மாதிரி மூடிக்கொண்டது. உள்ளூர் மட்டிக்கும் இறாலுக்கும் இடமில்லை. சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் விரல் அறுபடுகிறது. வில்லன் என்றால் இவன் வில்லன். வசனம் பேசமாட்டான், பின்கதை சொல்லி மன்னிப்புக் கேட்க மாட்டான். ஆனால் சிப்பிக்கு ஆசை கிடையாது. அது பாட்டுக்கு ஒட்டுகிறது. கதை சிப்பியிடம் இல்லை, விரல் அறுந்த பிறகும் மறுநாள் அதே சேற்றில் இறங்குகிற அம்மாவிடம் இருக்கிறது. அதை எழுத அந்த அம்மாவிடம் போய்ப் பேச வேண்டும். ‘எழுதினா ஆழி போயிடுமா சார்?’ என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் அவர் இன்னும் போகவில்லை.

‘உங்கள் பாத்திரத்தின் இளமைக் காலத்து வாசனையை விவரிக்கவும்’ என்ற குறிப்பையும் அவர் தொடவில்லை. கருவாடும் டீசலும் ஆரம்பத்தில் நன்றாகத்தான் வந்தன. அதற்கு மேல் எழுதப்போனால் 2023 டிசம்பர் 26 நள்ளிரவு வந்துவிடுகிறது. கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடிய ராத்திரி அது. அதை நகைச்சுவைக் கதையில் எந்த இடத்தில் வைப்பது?

கடைசியில் பட்டியலை மூடிவிட்டு, அவரே ஓர் ஆளை உண்டாக்கினார். பெயர் வைப்பதிலேயே ஒரு சாயங்காலம் போனது. தேசப்பன் என்று வைத்தால் வடசென்னையில் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஸ்டைலாக ஒரு பெயர் வைத்தால், அது சீரியல் ஆள் என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். தேசப்பனே இருக்கட்டும் என்று முடிவு செய்தார். மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவன். நிலையத்தை மூடிவிட்டார்கள். ஆனால் தேசப்பன் தன்னுடைய லாக்கர் சாவியைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறான். இவ்வளவுதான் கதை. அக்கா மகளிடம் சொன்னபோது, ‘மாமா, சிம்பாலிக்கா இருக்கு’ என்றாள். அது பாராட்டா என்று தெரியாததால், தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று டீக்கடைக்குப் போனார்.

டீக்கடையில் சிம்பாலிக் செல்லவில்லை. முதல் கேள்வியே காசைப் பற்றி வந்தது.

‘சாவி தரலன்னா நோ டியூஸ் எப்டிபா குடுப்பான்? நோ டியூஸ் இல்லாம செட்டில்மென்ட் நிக்கும். பொண்ணு கல்யாணம் கீதா அவனுக்கு?’

இல்லை என்று சொல்ல வாயெடுத்த எழுத்தாளர் சுதாரித்துக்கொண்டு, ‘கீது’ என்றார். தை மாதத்தில் தேசப்பனுக்கு அந்த இடத்திலேயே ஒரு கல்யாணம் நிச்சயமானது.

‘அப்போ ஊட்ல சும்மா உடுவாங்களா?’ என்றார் பெஞ்சில் இருந்த இன்னொருவர். ‘பொண்டாட்டி சாவிய எடுத்துக் குடுத்துடுவா.’

‘அத்த அவன் அரணாக்கயித்துல கட்டிக்கினு கீறான்னு வச்சிக்க.’

‘லாக்கர்ல இன்னாதான் கீது?’

எல்லோரும் எழுத்தாளரைப் பார்த்தார்கள். அது அவருக்கே தெரியாது. ஷூ என்றார் ஒருவர். சீட்டு நோட்டு என்றார் ஒருவர். போட்டோ என்றார் ஒருவர். யார் போட்டோ என்பதில் தனியாக ஒரு விவாதம் நடந்து, கல்யாண வயதில் பெண்ணை வைத்திருப்பவனுக்கு அதெல்லாம் வேண்டாம் என்று கைவிடப்பட்டது. அதுவரை பேசாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியைக் கழற்றினார். ‘இன்னாபா கதை விடுறீங்க? ஸ்டோர்ஸ்ல மாஸ்டர் கீ இருக்கும். ஒரு மெமோ போட்டு, ரெண்டு பேர் சாட்சி வச்சித் தொறந்துட்டுப் போய்ட்டே இருப்பாங்க. இதுக்கு ஒரு கதையா?’

எழுத்தாளரின் முகம் தொங்கிப்போனது. மாஸ்டர் கீ என்று ஒன்று இருப்பதை அவர் யோசிக்கவே இல்லை. பாய்லரை விட்டு இறங்கி வந்த நீராவி முழுக்க ஒரே வரியில் வெளியே போய்விட்டது. நூறு குறிப்புகளில் எதிலும் ஸ்டோர்ஸ்காரர் வருவதாக இல்லை.

டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: ‘தொறந்துட்டாங்கன்னே வையி. பூட்டையும் மாத்திட்டாங்கன்னு வையி. அப்பயும் அவன் சாவியத் தரமாட்டானே, இன்னா பண்ணுவாங்க?’

பெரியவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த வழக்கு ஸ்டோர்ஸ் விதிகளில் இல்லை போலிருக்கிறது. எழுத்தாளர் அவசரமாக நோட்டைத் திறந்தார்; தேதிக்குக் கீழே முதல் தடவையாக ஒரு வரி விழுந்தது. மாஸ்டர் அவர் முன்னால் ஒரு டீயை வைத்துவிட்டு, ‘கதைக்குத் துட்டு வந்தா நம்ம பாக்கியையும் சேத்து எழுதிக்க நைனா’ என்று கணக்குச் சிட்டையை எடுத்தார்.